டாப்பு பார்த்து உதைக்கோணும்

யமஹா எஸ்ஆர்400 வண்டியின் சிலிண்டர் ஹெட்டில், வலது பக்கம், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி பதித்திருப்பார்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் அதை ஆயில் அளவு பார்க்கிற கண்ணாடி என்றுதான் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உள்ளே ஆயில் தெரியாது. கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே வந்தால், இருட்டாக இருக்கிற அந்த வட்டத்துக்குள் வெளுப்பாக ஒரு குறி நகர்ந்து வந்து நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்து தாண்டிவிட்டது, இனி உதைக்கலாம் என்று அர்த்தம்.

இந்த வண்டியில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. 1978இல் வந்த முதல் வண்டியிலும் இல்லை, 2021இல் வந்த கடைசி வண்டியிலும் இல்லை. 43 வருஷம் விற்ற ஒரு வண்டி, கடைசி நாள் வரைக்கும் காலால் உதைத்துத்தான் கிளம்பியது. நம் ஊர் ஷோரூமில் அது ஒரு நாள்கூட நின்றதில்லை. அதை மூன்று வருஷம் ஓட்டுகிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. இத்தனை நாள் கழித்தும் யாராவது பைக் பேச்சை எடுத்தால் என் மனசு நேராக அந்தக் கண்ணாடிக்குத்தான் போகிறது. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்பாவின் புல்லட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எங்களுக்குத் தாராபுரம். அப்பாவுக்குத் தேங்காய் வியாபாரம். தோப்பு தோப்பாகப் போய்க் காய் பார்த்து விலை பேசிவிட்டு வர ஒரு பழைய 350 புல்லட் வைத்திருந்தார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில் இருக்கிற பழைய மாடல். அதற்கும் கிக்கர் மட்டும்தான். எனக்குப் பதினைந்து வயசு இருக்கும்போது வாசலில் வண்டியை சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி ஸ்டார்ட் பண்ணக் கற்றுக்கொடுத்தார். ஹெட்லைட்டுக்கு மேலே இருக்கிற, பேட்டரி மின்சாரத்தைக் காட்டுகிற ஆம்ப்ஸ் மீட்டரில் கண்ணை வைக்கச் சொன்னார். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கினால் முள் ஒரு பக்கம் சாயும். தீப்பொறிக்கான பாயிண்ட் திறக்கிற நேரத்தில் துள்ளி நடுவுக்கு வந்து நிற்கும். பிஸ்டன் உச்சிக்கு வந்த அந்த இடம்தான் டாப்பு. அங்கே காலை நிறுத்தி, சிலிண்டருக்குள் அமுங்கின காற்றை வெளியே விட இடது கைப்பிடியில் இருக்கிற டீகம்ப்ரஸர் லிவரை ஒரு தடவை பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு விரல்கடை இறக்கி, லிவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அப்புறம் ஒரே உதை.

"டாப்பு பார்த்து உதைக்கோணும் கண்ணு. அவசரப்பட்டீன்னா அது திருப்பி உதைக்கும்" என்றார்.

அவசரப்பட்டேன். திருப்பி உதைத்தது. கிக்கர் கெண்டைக்காலில் அடித்த அடியில் இரண்டு நாள் நொண்டி நொண்டித்தான் பள்ளிக்கூடம் போனேன். மூன்றாம் நாள் சாயங்காலம், அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, முள் நடுவுக்கு வருகிற வரை காத்திருந்து உதைத்தேன். பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தோடு கிக்கரிலிருந்து கால் வழியாக ஏறி இடுப்பு வரைக்கும் வந்த அதிர்வு இன்னும் உடம்பில் இருக்கிறது.

எஸ்ஆர்400 படத்தை முதலில் பார்த்தது கோயம்புத்தூரில் கல்லூரி படிக்கும்போது, காந்திபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்து, ஒரு படம் மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி வருகிற வரை காத்திருந்த காலம். வட்ட ஹெட்லைட், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வட்ட மீட்டர், கண்ணீர்த்துளி போல நீண்டு சீட்டுக்கு வந்து சேர்கிற டேங்க், நேரான சீட்டு, கம்பி வீல், நடுவில் செதில் செதிலாக நிமிர்ந்து நிற்கிற ஒற்றை சிலிண்டர். அப்பா வண்டிக்கு ஜப்பானில் ஒரு பங்காளி இருப்பது மாதிரி இருந்தது. ஊரில் ஒரு ஷோரூமில் போய் விசாரித்தேன். அப்படி ஒரு வண்டியே கிடையாது, வேறு ஏதோ கம்பெனி வண்டியைப் பார்த்திருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டேங்க்கில் யமஹா என்று எழுதியிருந்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். அன்றைக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அப்புறம் வேலை, ஒரகடம், வாகன உதிரிபாகக் கம்பெனி. 2016இல் மூன்று வருஷ வேலைக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் என்று கேட்டபோது ஷிசுவோக்கா மாகாணத்தில் இவாத்தா என்றார்கள். யமஹா மோட்டாரின் தலைமையகம் இருக்கிற ஊர். எஸ்ஆர் பிறந்த ஊர்.

போய்ச் சேர்ந்த இரண்டாவது சனிக்கிழமை அங்கே கம்பெனி வைத்திருக்கிற கம்யூனிகேஷன் பிளாசாவுக்குப் போனேன். கட்டணம் இல்லாத அருங்காட்சியகம். யமஹாவின் முதல் வண்டி ஒய்ஏ-1, 125 சிசி, 1955. ஜப்பானியர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் செந்தும்பி. அதே 1955இல்தான் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, புல்லட்டை இங்கே கட்ட ஆரம்பித்தார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு கடற்கரையில் இரண்டு தொடக்கம். ஒன்றின் வழியில் அப்பாவின் வண்டி வந்தது, இன்னொன்றின் வழியில் நான் ஆசைப்பட்ட வண்டி வந்தது. அந்தச் சிவப்பு வண்டி முன்னால் நின்றபோது இது தோன்றி, அப்பாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன்.

ஜப்பானில் பைக் ஓட்ட லைசென்ஸ் தனி. காருக்கு எடுத்தது பெரிய வண்டிக்குச் செல்லாது. இரு சக்கர வாகனத்தில் 400 சிசி வரைக்கும் ஒரு லைசென்ஸ், அதற்கு மேலே இன்னொன்று. 1975இல் வந்த ஏற்பாடு. அந்தப் பெரிய லைசென்ஸ் வாங்குவது அந்தக் காலத்தில் மகா கஷ்டம், டிரைவிங் ஸ்கூலில் படித்தே அதை எடுக்கலாம் என்று ஆனது 1996இல்தான். எஸ்ஆர் ஏன் 400 சிசி என்பதற்கு விடை இதில் இருக்கிறது. அதே வண்டி 500 சிசியிலும் வந்தது. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 87 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரத்தை மட்டும் 84இலிருந்து 67.2 மில்லிமீட்டராகக் குறைத்து 399 சிசிக்குக் கொண்டுவந்தார்கள். லைசென்ஸ் சட்டம் ஒரு எஞ்சினின் குணத்தையே தீர்மானித்திருக்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் 500தான் அசல் என்பார்கள். ஜப்பானில் நாற்பது வருஷம் தாண்டி நின்றது 400.

கார் லைசென்ஸ் கையில் இருந்ததால் எனக்குப் பதினேழு மணிநேரப் பயிற்சி போதும் என்றார்கள். முதல் வகுப்பில் ஓட்டவே விடவில்லை. தரையில் சாய்த்துப் போட்டிருந்த ஹோண்டா சிபி400 சூப்பர் ஃபோரைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்கள். விழுந்த வண்டியைத் தனியாக நிமிர்த்தத் தெரியாதவன் ரோட்டுக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அப்புறம் ஒற்றைப் பாலம். பதினைந்து மீட்டர் நீளம், முப்பது சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பலகை. அதன்மேல் ஏழு வினாடிக்குக் குறையாமல் ஊர்ந்து போக வேண்டும். வேகமாகப் போனால் மார்க் போகும், சக்கரம் கீழே இறங்கினால் அதோடு தேர்வு முடிந்தது. தாராபுரம் ரோட்டில் புல்லட் ஓட்டிய காலும் கையும் அங்கே உதவவில்லை. நான்காவது வகுப்பில்தான், பின்பிரேக்கை லேசாக மிதித்தபடி கிளட்சைப் பாதியில் வைத்துப் பார்வையைப் பலகையின் கடைசிக்குக் கொண்டுபோனால் வண்டி தானாக நிற்கும் என்பது உடம்புக்குப் புரிந்தது.

அந்த சூப்பர் ஃபோரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1992இல் வந்து 2022 வரைக்கும் செய்த வண்டி. நான்கு சிலிண்டர், 400 சிசி, பார்க்க ஒரு குழந்தை வரைகிற பைக் மாதிரி அவ்வளவு நேராக இருக்கும். சிங்கப்பூரில் இருக்கிற நம் ஆட்களுக்கு அது நன்றாகவே தெரியும். அங்கேயும் 400 சிசியோடு ஒரு லைசென்ஸ் வகுப்பு முடிகிறது, அதனால் 'சூப்பர் ஃபோர்' அங்கே சர்வ சாதாரணம். இந்தியாவில் அதுவும் கடைக்கு வரவில்லை. ஹோண்டா சிபி1100 என்று ஒன்று, 2010இல் போய்ப் புதிதாகக் காற்றில் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின் செய்தார்கள், ரேடியேட்டர் இல்லாமல், மெல்லிய செதில்கள் வரிசையாக வைத்து. கவாஸாகி எஸ்ட்ரெல்லா 250, சுஸுகி டியு250எக்ஸ். சொல்லிக்கொண்டே போகலாம். எல்லாம் வேறு யாருக்கோ விற்ற வண்டிகள். என் மனசு எஸ்ஆரில் நின்றதற்குக் காரணம் கிக்கர்.

இவாத்தா ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷ நடையில் ஒரு பழைய பைக் கடை. கடைக்காரருக்கு அறுபது வயசு தாண்டியிருக்கும். ஜப்பானிய மொழியில் 'ல்' சத்தம் இல்லாததால் என் பெயர் செந்தில் அவர் வாயில் 'சென்டிரு-சான்' ஆனது. நான் அவரைத் தெஞ்சோ-சான் என்றேன், கடை முதலாளி என்று அர்த்தம். 2010 மாடல் எஸ்ஆர், கறுப்பு, ஒரே ஆள் ஓட்டியது. விலை 3,80,000 யென். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எந்த நாடு என்று கேட்டார். இந்தியா என்றேன். இந்தியாவில் எங்கே? தெற்கே, சென்னைப் பக்கம். கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, வா என்று சைகை செய்து கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

தார்ப்பாயை எடுத்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. வலது பக்கம் கியர் இருக்கிற புல்லட். பச்சை. எஞ்சின் கேஸ் மேல் தூசி இல்லை, டேங்க்கில் தங்கக் கோடு மங்கவில்லை. "மெட்ராஸ்" என்றார், பெருமையாக. அவருடைய சொந்த வண்டி, விற்பனைக்கு இல்லை. இருபது வயசில் ஒரு பத்திரிகையில் படம் பார்த்ததிலிருந்து ஆசையாம். ஊரெல்லாம் எஸ்ஆர் ஓடுகிறது, பக்கத்திலேயே அதைச் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது, ஆனால் அவர் ஆசைப்பட்டது திருவொற்றியூரில் செய்த வண்டிக்கு. நான் ஆசைப்பட்டது அவர் தெருவில் செய்த வண்டிக்கு. இருவரும் அந்தப் புல்லட் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

சொந்த ஊரில் கிடைக்காததால்தான் இந்த வண்டிகளுக்கு இவ்வளவு மவுசு, அதே வண்டி பக்கத்துத் தெருவில் கிடைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிடைக்காதது ஆசையைத் தொடங்கி வைக்கலாம். ஆனால் மூன்று வருஷம் தினமும் ஓட்டின பிறகும் அது குறையாமல் இருந்தால், அதற்குக் காரணம் வண்டிக்குள்ளேதான் இருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கிறது? 399 சிசி, ஒரே சிலிண்டர், இரண்டு வால்வு, காற்றில் குளிர்வது, ஐந்து கியர். என் வண்டியில் 26 குதிரைத் திறன். எடை 175 கிலோவுக்குள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்குகிற தொட்டி கிடையாது. ஃப்ரேம் குழாய்தான் ஆயில் டேங்க். பெட்ரோல் டேங்க்குக்கு முன்னால், ஹேண்டில்பாருக்குக் கீழே ஒரு மூடி. அதைத் திருகி எடுத்தால் அளவுக்கம்பி வரும். ஒரு மணிநேரம் ஓட்டிவிட்டு வந்து அந்த இடத்தில் கையை வைத்தால், வண்டியின் எலும்பே சூடாக இருப்பது தெரியும். குளிர்காலத்தில் கையுறையைக் கழற்றி அங்கே விரல்களை வைத்துச் சூடேற்றிக்கொள்வேன். இவாத்தா இருக்கிற என்ஷூ பக்கத்தில் குளிர்காலத்தில் மேற்கிலிருந்து ஒரு வறண்ட காற்று அடிக்கும். கரக்கஸே என்பார்கள். அதில் அரைமணி ஓட்டினால் விரல் மரத்துவிடும்.

இந்த எஞ்சினின் மூலம் காட்டு மேட்டு வண்டியிலிருந்து வந்தது. 1976இல் வந்த எக்ஸ்டி500. பாரிஸிலிருந்து டக்கார் வரைக்கும் சஹாராவைத் தாண்டி ஓடின முதல் பந்தயத்தில் 1979இல் ஜெயித்தது அந்த வண்டி, ஓட்டியவர் சிரில் நெவூ. காடு மேட்டுக்காகக் கட்டின உறுதியான எஞ்சினை எடுத்து, ரோட்டுக்காகப் பதப்படுத்தி, நேரான ஒரு வண்டியில் வைத்தார்கள். எஸ்ஆர் என்றால் அதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம். 1979இல் நாகரிகமாக இருக்கட்டும் என்று கம்பி வீலை எடுத்துவிட்டு வார்ப்பு வீல் போட்ட மாடலை விட்டார்கள். ஓட்டுகிறவர்களுக்கு மனசு ஒப்பவில்லை. சில வருஷத்தில் கம்பி வீல் திரும்பி வந்தது. 1985இல் இன்னும் ஒரு படி போனார்கள். முன்சக்கரத்தில் நன்றாகப் பிடிக்கிற டிஸ்க் பிரேக் இருந்தது. அதைக் கழற்றிவிட்டு டிரம் பிரேக் மாட்டினார்கள். பழைய வண்டி மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக! பதினாறு வருஷம் அப்படியே ஓடி, 2001இல்தான் டிஸ்க் திரும்பியது. எல்லாக் கம்பெனியும் வருஷத்துக்கு வருஷம் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு முடிவை எடுக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்ப்பேன். பிரேக் என்ற முறையில் அது சரியான முடிவு என்று சொல்லமாட்டேன், டிஸ்க்தான் நல்லது. ஆனால் வாங்குகிறவன் எதைக் காதலிக்கிறான் என்று ஒரு தொழிற்சாலை இவ்வளவு உன்னிப்பாகக் கவனித்ததை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

புகை விதிகள் இறுகியபோது 2008இல் கார்புரேட்டர் வண்டி நின்றது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் மாட்டி 2009 கடைசியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்ஜெக்‌ஷன் வைத்த பிறகாவது செல்ஃப் மோட்டாரும் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருப்பார்கள். வரவில்லை. நான் வாங்கியது அந்த மாடல்தான்.

முதல் நாள் கடை வாசலில் தெஞ்சோ-சான் எனக்கு ஸ்டார்ட் பண்ணக் காட்டிக்கொடுத்தார். இடது கைப்பிடியில் கிளட்சுக்குக் கீழே சின்னதாக ஒரு லிவர். அதைப் பிடித்துக்கொண்டு கிக்கரை மெதுவாக இறக்கு. கண்ணாடியைப் பார். குறி வந்ததா? லிவரை விடு. கிக்கரை மேலே வரவிடு. ஆக்ஸிலேட்டரைத் தொடாதே. இப்போது முழு உதை. "யுக்குரி, யுக்குரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மெதுவாக, மெதுவாக. முள்ளுக்குப் பதிலாகக் கண்ணாடி, மற்றபடி அப்பா சொல்லிக்கொடுத்த அதே பாடம், அதே வரிசை. முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. அவர் கைதட்டினார். எங்கே கற்றாய் என்றார். அப்பா, புல்லட் என்றேன். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல என்னிடம் ஜப்பானிய வார்த்தை இல்லை, அவருக்கும் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் 150ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்துக் கடலோரமாகக் கிழக்கே போவேன். ஓமாயெசாக்கி முனையில் ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம், அங்கே ஒரு டீ. திரும்பும்போது மக்கினோஹரா மேட்டில் ஏறினால் கண்ணுக்கு எட்டின வரை தேயிலை. 1869இல் வேலை இழந்த சாமுராய்கள் வாளை வைத்துவிட்டுக் காடு திருத்திப் போட்ட தோட்டங்கள் அவை. குன்னூர்ப் பக்கம் மாதிரி சரிவில் இல்லை, மேசைபோலத் தட்டையாக இருக்கும். செடிகளுக்கு நடுவே கம்பம் கம்பமாக நட்டு உச்சியில் மின்விசிறி மாட்டியிருப்பார்கள். பனி இறங்குகிற இரவில் மேலே இருக்கிற கதகதப்பான காற்றைக் கீழே தள்ளிக் கொழுந்து கருகாமல் காக்க. அந்த விசிறிகளுக்கு நடுவில் போகிற சின்ன ரோட்டில், நான்காவது கியரில், அறுபது கிலோமீட்டர் வேகத்தில் எஸ்ஆர் போகிற போக்கு இருக்கிறதே, அதற்காகத்தான் அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் கேட்கும். மேடு வந்தால் கியரைக் குறைக்க வேண்டியதில்லை, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் இழுத்துக்கொண்டு ஏறும். நேராக உட்கார்ந்திருப்பதால் வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்து கிள்ளுகிறவர்களின் முகம்கூடத் தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. டோமேய் அதிவேகச் சாலையில் நூறில் போனால் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி நடுங்கி நடுங்கித் தெரியும், ஒன்றரை மணிநேரத்தில் உள்ளங்கை மரத்துவிடும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் மூச்சு வாங்கும். அதிவேகச் சாலையில் தூரப் பயணம் போகிறவர்களுக்கு இந்த வண்டியை நான் சொல்லமாட்டேன்.

ஒரு நாள் மழை. ஹமமட்சு நகரத்துக்குள், ஸ்டேஷன் பக்கத்துப் பெரிய சிக்னல். பச்சை விழுந்ததும் கிளட்சைச் சீக்கிரம் விட்டுவிட்டேன், வண்டி நின்றுவிட்டது. எனக்குப் பின்னால் பஸ், அதற்குப் பின்னால் ஏழெட்டுக் கார். கை நடுங்க நியூட்ரலைத் தேடிப் பிடித்து, அவசரத்தில் கண்ணாடியைப் பார்க்காமலே உதைத்தேன். இல்லை. மறுபடி. இல்லை. மூன்றாவது தடவை அப்பாவின் குரல் கேட்டது. லிவரைப் பிடித்து, குனிந்து, மழைத்துளி படிந்த கண்ணாடியை விரலால் துடைத்து, குறி வருகிற வரை காத்திருந்து உதைத்தேன். வண்டி பிடித்துக்கொள்வதற்கும் சிக்னல் திரும்பச் சிவப்பாவதற்கும் சரியாக இருந்தது. அவ்வளவு நேரமும் ஒருத்தர்கூட ஹாரன் அடிக்கவில்லை. திரும்பிப் பார்த்துத் தலை குனிந்தேன். பஸ் டிரைவர் வெள்ளைக் கையுறை போட்ட கையை லேசாகத் தூக்கினார்.

இந்த வண்டி ஏன் நம் ஊருக்கு வரவில்லை? கணக்கு எளிதுதான். கொஞ்சமாகச் செய்கிற, உள்ளே இரும்பும் வெளியே நல்ல பெயின்ட்டும் உள்ள வண்டி. 2014இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது விலை 5,990 டாலர். அன்றைய நிலவரத்தில் மூன்றரை லட்சம் ரூபாய், அதன்மேல் இறக்குமதி வரி, ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ். அந்தப் பணத்தில் அன்றைக்கு இங்கே மூன்று நான்கு புல்லட் வாங்கியிருக்கலாம். ஒற்றை சிலிண்டர், பழைய முகம், கனத்த சத்தம் என்று கேட்கிறவனுக்கு ஒரகடத்திலும் திருவொற்றியூரிலும் என்ஃபீல்டுக்காரர்கள் ஏற்கெனவே பதில் செய்து வைத்திருந்தார்கள். இதில் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. பின்னால் தலைகீழாகவும் நடந்தது. 2020இல் ஹோண்டா சிபி350 முதலில் இந்தியாவில் வந்து, அடுத்த வருஷம் ஜிபி350 என்ற பெயரில் ஜப்பானுக்குப் போனது. தெஞ்சோ-சான் அதன் படத்தை எனக்கு அனுப்பி, "இந்தியாவிலிருந்து" என்று மட்டும் எழுதியிருந்தார்.

2019இல் திரும்பி வரும் நேரம். வண்டியைக் கொண்டுவர என்னென்ன வழி என்று எல்லாம் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு மேல் பழசான வண்டியை இறக்குமதி செய்ய இங்கே அனுமதி இல்லை. என்னுடையது ஒன்பது வருஷத்து வண்டி. அதோடு முடிந்தது. தெஞ்சோ-சானிடமே திருப்பிக் கொடுத்தேன். கடைசியாகக் கடை வாசலில் சாவியை அணைத்துவிட்டு, எஞ்சின் ஆறும்போது கேட்குமே, டிக், டிக் என்று செதில்கள் சுருங்குகிற சத்தம், அது நிற்கிற வரைக்கும் இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

2021 ஜனவரியில் யமஹா அறிவித்தது, இதோடு கடைசி என்று. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் கட்டாயம், புகை விதி இன்னும் இறுக்கம். அந்த எஞ்சினையும் அந்த உருவத்தையும் வைத்துக்கொண்டு அதற்கு மேல் போக முடியவில்லை. ஃபைனல் எடிஷன் 6,05,000 யென். ஆயிரம் வண்டி மட்டும் தனியாக, டேங்க்கில் ஓரம் கறுத்து நடுவில் ஒளிர்கிற சன்பர்ஸ்ட் பெயின்ட் கைவேலையில் அடித்து, பித்தளையில் யமஹாவின் இசைக்கவை முத்திரை பதித்து விற்றார்கள். தெஞ்சோ-சான் கடையிலும் ஒன்று வந்து நின்றதாம். அதன் பக்கத்தில் என் பழைய கறுப்பு வண்டியை நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். அதை வேறு ஒரு பையன் வாங்கி, ஆயில் மாற்ற வந்திருக்கிறான். கண்ணாடிப் பக்கம் பெரிதாகத் தெரிகிற மாதிரி இன்னொரு படம். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவருடைய பச்சைப் புல்லட்டில் ஆம்ப்ஸ் மீட்டர் செத்துவிட்டது, முள் அசையவில்லை, டாப்பு தெரியாமல் குத்துமதிப்பாக உதைத்து முழங்கால் வலிக்கிறது, அங்கே கிடைக்குமா? ஒரு சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன். நான்கு கடை ஏறி இறங்கி, ஐந்தாவது கடையில் ஒரு பெரியவர் மரப்பெட்டியைக் கவிழ்த்துத் தேடி, பழைய துணி சுற்றியிருந்த ஒன்றை எடுத்தார். வயரை பேட்டரியில் தொட்டுக் காட்டினார், முள் சாய்ந்து திரும்பி வந்தது. "யாருக்குங்க தம்பி?" என்றார். ஜப்பானில் ஒரு சிநேகிதருக்கு என்றேன். பேரம் பேசின விலையிலிருந்து இன்னொரு ஐம்பது ரூபாயைத் தானாகவே குறைத்துக்கொண்டார்.

பார்சல் போய்ச் சேர இரண்டு வாரம் ஆனது. தெஞ்சோ-சான் பத்து வினாடி வீடியோ ஒன்று அனுப்பினார். ஹெட்லைட்டுக்கு மேலே புது மீட்டர். கிக்கர் மெதுவாக இறங்குகிறது. முள் சாய்கிறது, துள்ளுகிறது, நடுவில் நிற்கிறது. அவர் உதைப்பது படத்தில் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது. தாராபுரத்துக்குப் போனபோது அப்பாவிடம் காட்டினேன். போனைக் காதுகிட்டக் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு, "டேப்பட் கொஞ்சம் லூசா இருக்குது, பாக்கச் சொல்லு கண்ணு" என்றார். அன்றைக்கே எழுதி அனுப்பிவிட்டேன்.